எட்டாவது குழி

படிவம் கேட்டது: நிறுவனத்தின் பெயர்?
அக்கராயன்குளம் என்று எழுதினேன்.
மூன்றாம் நாள் மலேசியாவிலிருந்து பதில்:
'அன்புள்ள கலாநிதி அக்கராயன் அவர்களுக்கு,
தாங்கள் கேட்ட பிரைமர் இரண்டும் அனுப்பப்பட்டன.'
அப்பா சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கினார்.
குளம் கலாநிதியாகிவிட்டது.
நான் இன்னும் உயர்தரத்தில்
இரண்டு பி, ஒரு எஸ்.

கேள்வி சின்னது.
வாய்க்கால் வற்றச் சேற்றுக்குள் போய்
முதல் மழைக்கு எழும்பி வருகிற அந்தக் குஞ்சு
விராலா, குறவையா?
மரியதாஸ் அண்ணை விரால் என்பார்.
அவருடைய தம்பி குறவை என்பார்.
ஒரே வள்ளம், ஒரே வலை,
போன மாரி முழுக்கக் கதை இல்லை.

சுண்டுவிரல் நகமளவு தசை.
உப்பு, கோப்பை கழுவுகிற சோப்பு,
பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டைக் குளிரப்பண்ணி
போத்தல் ஓரத்தால் மெல்ல விட்டால்
ஆறின கஞ்சியின் ஆடைபோல
வெள்ளையாய் ஒன்று எழும்பி நிற்கும்.
அவ்வளவுதான் மீன்.
மிச்சத்தை அம்மா குழம்பு வைத்தா.

சூடாக்கி ஆறவைக்கும் பெட்டி
கொழும்பில் மூடின கம்பனி ஒன்றின் கழிவு.
யாழ்தேவியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்,
பக்கத்துச் சீற்றுக்காரர் ரேடியோவோ என்று கேட்டார்.
முப்பத்தைந்து சுற்று.
ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி,
இருபத்திரண்டாம் சுற்றில் கரண்ட் போகும்.
அதோடு ஆயிரத்து நானூறு ரூபாவும் போகும்.
இப்போது உழவு மெசினின் பற்றரி
இரவில் என்னுடையது.

ஜெல்லி, சாப்பாட்டுப் பெட்டிக்குள்:
கடற்பாசி, அப்பச்சோடா கரைத்த தண்ணீர்,
ஒன்பது வோல்ட் பற்றரி ஐந்து.
எட்டுக் குழி.
ஏழில் மீன். எட்டாவதில் தண்ணீர் மட்டும்.
அது சும்மா கிடக்கவேணும்.
அது சும்மா கிடந்தால்தான்
மற்ற ஏழும் சொல்வதை நம்பலாம்.

ஜெல்லி ஓடிக்கொண்டிருக்க
பின் வளவால் இராசமலர் அக்கா வந்தா.
கையில் சித்தாலேப டப்பி,
பஞ்சுக்குள் ஒரு பால்பல்லு.
"மகன்ர. ஆறு வயசில விழுந்தது.
கூரையில எறியச் சொன்னவை, நான் எறியேல்லை.
இதையும் பாத்துச் சொல்லுவியோ பிள்ளை?"

நான் வாங்கினது ஒரு திறப்பு.
மீனின் கதவுக்கென்றே வெட்டினது.
"இது மீனுக்கான சாமான், அக்கா."
"மீனுக்குப் பாக்கினமோ?"
அதில் கிண்டல் இல்லை.
அதுதான் என்னால் தாங்கேலாமல் இருந்தது.

"பல்லுக்குள்ள எவ்வளவு காலம் இருக்கும்?"
இது எனக்குத் தெரிந்த கேள்வி.
ஈரம் படாமல், வெயில் படாமல் வைத்தால்
கன காலம், என்றேன்.
"அப்ப அவசரமில்லை"
என்று பஞ்சை மூடினா.

லைற்றை நூர்த்தேன்.
நீல டோர்ச், முன்னால் செம்மஞ்சள் கண்ணாடித்தாள்.
ஏழு கோடு, அடுத்தடுத்து.
எட்டாவதிலும் ஒன்று.
மங்கல்தான், ஆனால் கோடுதான்.

அக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
"அது ஆர்?" என்றா.

என் விரலாயிருக்கலாம். என் தும்மல்.
நேற்றைய மீன். கழுவாத குழாய்முனை.
அவா வரமுதலே ஊற்றினது, அவாவின் பஞ்சு இல்லை.
"ஒருத்தருமில்லை அக்கா. அது பிழை."
"ஆரோ இருக்கினமே" என்றா.
டோர்ச் சூடேறும்வரை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொப்பியில் எழுதினேன்:
எட்டில் கோடு. ஏழும் தள்ளுபடி. திரும்ப.
மரியதாஸ் அண்ணைக்கு
இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ என்று சொல்லி அனுப்பினேன்.
தம்பிக்கும் தனியாக.

பிறகு மேசையை ஒருக்கால், திரும்ப ஒருக்கால்
குளோரின் போட்டுத் துடைத்து,
பழைய போத்தலை வாழையடியில் ஊற்றிவிட்டு
புதுத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.